இமாம் தபரீ (ரஹ்) அவர்களின் வாழ்வும் நமக்குள்ள படிப்பினையும்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் நின்று நிலவட்டுமாக!



மத அடிப்படைவாதம் என்னும் சொல் நாளேடுகளிலும் அரசியல் மேடைகளிலும் ஓயாது ஒலிக்கின்றது. அச்சொல் பிறந்த இடம் நம் சமுதாயம் அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டுப் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களுள் ஒரு பிரிவினரைக் குறிக்க எழுந்த அச்சொல், பின்னரே பிற சமயத்தார் மீதும் ஏற்றப்பட்டது. தன் மார்க்கத்தின் அடிப்படைகளைப் பற்றிப்பிடித்து வாழ்வது குற்றம் ஆகாது என்பதால், அச்சொல் நம்மீது வீசப்படும்போது நாம் மனம் வருந்துவது இயல்பே. ஆயினும், சொல்லின் மீதுள்ள வருத்தத்தால் அது சுட்டும் நோயைக் காணாது இருந்துவிடலாகாது. தான் கொண்ட விளக்கம் ஒன்றே மார்க்கம் என்று கருதி, மாற்று விளக்கம் கூறுவோரை அரசின் சவுக்கினாலோ கூட்டத்தின் கல்லினாலோ வாய் மூடச் செய்ய முற்படுவதே அந்நோயாகும். இஃது எல்லாச் சமயங்களிலும் தோன்றியிருக்கின்றது. நம் வரலாற்றிலும் தோன்றியிருக்கின்றது. அதன் கொடுமையைத் தம் வீட்டு வாசலிலேயே கண்டவர்களுள் ஒருவரே, திருக்குர்ஆன் விரிவுரையாளர்களின் தலைவர் எனப் போற்றப்படும் இமாம் இப்னு ஜரீர் அத்தபரீ (ரஹ்) அவர்கள். அன்னாரின் வாழ்வை இவ்வாண்டு மலரில் நினைவுகூர்வோம்.

பிறப்பும் இளமையும்

அபூ ஜஃபர் முஹம்மது இப்னு ஜரீர் என்பது இமாமவர்களின் பெயர். காஸ்பியன் கடலின் தென்கரையை அடுத்த தபரிஸ்தான் நாட்டில் ஆமுல் என்னும் ஊரில் ஹிஜ்ரி 224ஆம் ஆண்டின் இறுதியிலோ 225இன் தொடக்கத்திலோ, அதாவது கி.பி. 839 அளவில், பிறந்தார்கள். இன்று அப்பகுதி ஈரான் நாட்டில் மாஸந்தரான் என வழங்குகின்றது. நாட்டின் பெயரே தபரீ என அவர்களுக்கு நிலைத்துவிட்டது.

தந்தையார் ஜரீர் அவர்கள் ஓரளவு நிலபுலம் உடையவர். தம் மைந்தர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுன் நின்று, பை நிறையக் கற்களை வைத்துக்கொண்டு எறிவதாக ஒரு கனவு கண்டார். இப்பிள்ளை வளர்ந்து மார்க்கத்தைக் காத்து நிற்பான் என்று அக்கனவுக்குப் பொருள் கூறப்பட்டது. அன்றே தம் மகனைக் கல்விக்கென அர்ப்பணித்துவிட்டார் தந்தையார். இமாமவர்கள் ஏழாம் வயதில் திருக்குர்ஆனை மனனம் செய்து முடித்தார்கள். எட்டாம் வயதில் தொழுகைக்குத் தலைமை தாங்கினார்கள். ஒன்பதாம் வயதில் ஹதீஸ்களை எழுதத் தொடங்கினார்கள். பன்னிரண்டு வயதளவில் சொந்த ஊரை விட்டுக் கல்வி தேடிப் புறப்பட்டார்கள்.

முதலில் சென்ற நகரம், இன்றைய தெஹ்ரானை அடுத்திருந்த ரய். அங்கு இப்னு ஹுமைத் என்னும் ஆசிரியரிடமும், நகருக்கு வெளியே ஒரு சிற்றூரில் இருந்த வேறோர் ஆசிரியரிடமும் ஒரே நாளில் பாடம் கேட்க வேண்டியிருந்தது. ஒருவரிடம் பாடம் முடிந்ததும் மற்றவரின் வகுப்புக்குப் பிந்திவிடாதிருக்கப் பித்தரைப் போல் ஓடி வருவோம் என்று பிற்காலத்தில் இமாமவர்களே நினைவுகூர்ந்தார்கள்.

அரசு கொள்கையைத் திணித்த காலம்

இமாமவர்கள் பிறந்த காலத்தை அறிந்தாலன்றி அவர்களுக்கு நேர்ந்ததன் பொருள் விளங்காது. ஹிஜ்ரி 218 (கி.பி. 833) இல் அப்பாஸிய கலீஃபா மஃமூன், திருக்குர்ஆன் படைக்கப்பட்டது என்னும் முஃதஸிலாக்களின் கொள்கையைக் காழிகளும் மார்க்க அறிஞர்களும் ஏற்றாக வேண்டும் என்று ஆணையிட்டார். பக்தாதின் அறிஞர்கள் ஒவ்வொருவராக அழைத்து விசாரிக்கப்பட்டனர். ஏற்காதவர் நீதி வழங்கவும் சாட்சி சொல்லவும் தகுதியற்றவர் எனத் தள்ளப்பட்டனர். பலர் அஞ்சி இசைந்தனர். சிலர் உள்ளத்தில் ஒன்றும் உதட்டில் ஒன்றுமாகப் பதில் கூறித் தப்பினர். வரலாற்றில் மிஹ்னா, அதாவது சோதனை, எனப் பெயர்பெற்ற நிகழ்ச்சி இதுவேயாகும்.

இணங்க மறுத்தோருள் தலையாயவர் இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள். அன்னார் விலங்கிடப்பட்டார்கள், இரண்டாண்டுகளுக்கு மேல் சிறையில் வாடினார்கள், கலீஃபா முஃதஸிமின் முன்னிலையில் சவுக்கடி பட்டார்கள். அடுத்து வந்த கலீஃபா வாஸிக், ஹிஜ்ரி 231 (கி.பி. 846) இல் அஹ்மது இப்னு நஸ்ர் என்னும் பெரியாரைத் தம் கையாலேயே வெட்டினார். அன்னாரின் தலை பக்தாதில் பல ஆண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. முத்தவக்கில் ஆட்சிக்கு வந்த பின்னரே இச்சோதனை முடிவுற்றது.

இங்கு ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். இமாம் அஹ்மது (ரஹ்) அவர்கள் தம்மை அடித்த முஃதஸிமை மன்னித்தார்கள். வாஸிக்கின் காலத்தில் அறிஞர் சிலர் கலகம் செய்ய யோசனை கேட்டு வந்தபோது, முஸ்லிம்களின் இரத்தம் சிந்தப்படும் என்று தடுத்துப் பொறுமை காக்கச் சொன்னார்கள். தம் கொள்கையில் அணுவளவும் தளராது நின்ற அவர்கள், அதனைப் பிறர் மீது திணிக்கக் கூட்டம் திரட்டவில்லை. ஹிஜ்ரி 241 (கி.பி. 855) இல் அன்னார் மறைந்தபோது ஜனாஸாவில் கலந்துகொள்ளப் பக்தாதே திரண்டு வந்தது.

இச்சோதனையைப் பற்றிக் கலீஃபா மஃமூன் எழுதிய கடிதங்களும், அறிஞர்கள் ஒவ்வொருவரும் கூறிய பதில்களும் இன்று நமக்குக் கிடைக்கின்றன என்றால், அதற்கு முதற்காரணம் அவற்றைத் தம் வரலாற்று நூலில் பதிந்து வைத்த இமாம் தபரீ (ரஹ்) அவர்களே ஆவார்கள்.

கல்விப் பயணம்

இமாம் அஹ்மது (ரஹ்) அவர்களிடம் ஹதீஸ் கேட்க வேண்டும் என்னும் பேராவலோடு ரய்யிலிருந்து பக்தாத் நோக்கிப் புறப்பட்டார்கள் இளைஞர் தபரீ. ஆனால், அவர்கள் வந்து சேர்வதற்குச் சற்று முன்னரே இமாம் அஹ்மது (ரஹ்) இறையடி சேர்ந்துவிட்டார்கள். எந்தப் பெரியாரின் காலடியில் அமர விரும்பி நெடுந்தொலைவு வந்தார்களோ, அந்தப் பெரியாரின் பெயராலேயே பிற்காலத்தில் தமக்குத் துன்பம் நேரும் என்று அவர்கள் எண்ணியிருக்க முடியாது.

பின்னர் பஸ்ரா, வாஸித், கூஃபா நகரங்களுக்குச் சென்றார்கள். கூஃபாவில் கண்டிப்புக்குப் பெயர்பெற்ற அபூ குரைப் என்னும் ஹதீஸ் அறிஞர், தம்மிடம் எழுதியதை மனப்பாடமாகக் கூற வல்லவர் யார் என்று மாணவர் கூட்டத்தைக் கேட்டார். அனைவரும் தபரீயைச் சுட்டினார்கள். கேட்ட ஹதீஸ்களையெல்லாம் அவர்கள் நாள் தவறாமல் சொல்லிக் காட்டவே, ஆசிரியரின் இல்லக் கதவு அவர்களுக்கு எந்நேரமும் திறந்தது.

ஹிஜ்ரி 253 (கி.பி. 867) இல் எகிப்து சென்று, இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நேர் மாணவரான ரபீஉ இப்னு ஸுலைமான் (ரஹ்) அவர்களிடம் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டக்கலையைப் பயின்றார்கள். ஊரிலிருந்து வரவேண்டிய பணம் தாமதப்பட்ட காலத்தில், தாம் அணிந்திருந்த ஆடையின் கைப்பகுதிகளை விற்று உண்ண நேர்ந்தது என்றும் அறிகின்றோம். பின்னர் பக்தாதுக்கே மீண்டு, தம் வாழ்வின் எஞ்சிய அரை நூற்றாண்டையும் அங்கேயே கழித்தார்கள். மணம் புரியவில்லை. கற்பித்தலும் எழுதுதலுமே அவர்களுடைய குடும்பமாக இருந்தன.

அரண்மனைக்கு எட்டி நின்றவர்

இமாமவர்களுக்கு ஆமுலில் இருந்த தந்தைவழி நிலத்தின் வருவாயை ஹஜ்ஜுக்குச் செல்வோர் கொண்டுவந்து தருவர். அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. இளமையில் வஸீர் ஒருவரின் மகனுக்கு மாதம் பத்து தீனார் ஊதியத்தில் ஆசிரியராக இருந்தார்கள். பிள்ளை எழுதக் கற்ற மகிழ்ச்சியில் வீட்டுப் பெண்கள் பொற்காசுகளும் வெள்ளிக்காசுகளும் நிறைந்த தட்டினை அனுப்பியபோது, பேசிய ஊதியத்துக்கு மேல் தமக்கு உரிமை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முதிர்ந்த வயதில், அப்பாஸ் இப்னுல் ஹஸன் என்னும் வஸீரின் வேண்டுகோளுக்கிணங்க ஒரு சட்டச் சுருக்க நூலை எழுதிக் கொடுத்தார்கள். அவர் அனுப்பிய ஆயிரம் தீனாரை ஏற்க மறுத்தார்கள். வேண்டாமெனில் ஏழைகளுக்குப் பங்கிடலாமே என்று கூறப்பட்டபோது, பணத்துக்கு உரியவர்களை அவரே நன்கறிவார் என்று பதிலளித்தார்கள். காக்கானீ என்னும் வஸீர் காழி பதவியை அளிக்க முன்வந்தபோதும் மறுத்தார்கள். அப்பதவியால் மக்களுக்கு நன்மை செய்யலாமே என்று நண்பர்கள் வற்புறுத்தினார்கள். தாம் அப்பதவியை விரும்பினால் தடுக்க வேண்டியவர்கள் அல்லவா நீங்கள் என்று அவர்களையே கடிந்துகொண்டார்கள் இமாமவர்கள்.

ஆட்சியாளரின் காசு கைக்கு வந்தால் ஆட்சியாளரின் கொள்கையும் பின்னே வரும் என்பதை மிஹ்னாவின் வரலாற்றை எழுதியவர்கள் அறியாதிருப்பார்களா?

இரண்டு பெருநூல்கள்

நாளொன்றுக்கு நாற்பது ஏடுகள் வீதம் நாற்பது ஆண்டுகள் எழுதினார்கள் என்று கதீபுல் பக்தாதீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்கின்றார்கள். திருக்குர்ஆன் விரிவுரையை எழுதப் புகுந்தபோது, முப்பதாயிரம் ஏடுகளில் ஒரு விரிவுரை கேட்க விருப்பம் உண்டா என மாணவர்களைக் கேட்டார்களாம். அதற்குள் ஆயுள் முடிந்துவிடுமே என்று அவர்கள் மலைத்தபோது, மூவாயிரம் ஏடுகளாகச் சுருக்கினார்கள். ஜாமிஉல் பயான் என்னும் அவ்விரிவுரையும், படைப்பின் தொடக்கம் முதல் ஹிஜ்ரி 302 (கி.பி. 915) வரையிலான செய்திகளைக் கூறும் வரலாற்று நூலும் அவர்களுடைய பெயரை நிலைநிறுத்தின. அந்த வரலாற்று நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் நாற்பது தொகுதிகளாக வெளிவந்துள்ளது.

இவ்விரு நூல்களிலும் அவர்கள் கையாண்ட முறையில்தான் அவர்களின் பண்பு விளங்குகின்றது. ஒரு திருவசனத்துக்கு முன்னோர் கூறிய விளக்கங்கள் எத்தனை உண்டோ அத்தனையையும், கூறியவர் யார், அவரிடம் கேட்டவர் யார் என்னும் தொடரோடு வரிசையாக எழுதுவார்கள். தமக்கு உடன்பாடில்லாத கருத்தையும் மறைக்க மாட்டார்கள். அதன் பின்னரே தாம் சரியெனக் கருதுவதையும் அதற்குரிய ஆதாரத்தையும் கூறுவார்கள். மாற்றுக் கருத்தை முழுமையாகக் கேட்டு, அதனைச் சான்றால் மறுப்பதே அவர்கள் அறிந்த வழி.

இரண்டு ஊர்களில் ஒரே நேர்மை

இமாமவர்கள் ஹிஜ்ரி 290 (கி.பி. 903) அளவில் ஒருமுறை தபரிஸ்தானுக்குச் சென்றார்கள். ஷியா ஆட்சி நடந்திருந்த அந்நாட்டில் நபித்தோழர்களான அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகிய பெருமக்களை இகழும் வழக்கம் பரவியிருந்தது. உடனே அவ்விருவரின் சிறப்புகளை எடுத்துரைத்தார்கள் இமாமவர்கள். அதனால் ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளாகி அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று.

பக்தாதிலோ நிலைமை வேறு. அங்கு, அலீ (ரலி) அவர்களின் சிறப்பைக் கூறும் கதீர் கும் ஹதீஸை ஒருவர் பொய்யெனத் தள்ளினார் என்று கேள்வியுற்றபோது, அந்த ஹதீஸ் வந்த வழிகளையெல்லாம் திரட்டி ஒரு நூலே எழுதினார்கள். உடனே அவர்கள் ஷியா என்று பழி கூறப்பட்டார்கள். அபூபக்ர், உமர் (ரலி) அவர்களைப் போற்றியதற்காக ஓரூரில் பகைக்கப்பட்டவர், அலீ (ரலி) அவர்களைப் போற்றியதற்காக மற்றோரூரில் பகைக்கப்பட்டார். அவர்கள் இரண்டு ஊரிலும் ஒரே அளவுகோலையே பயன்படுத்தினார்கள். ஊர்தான் மாறியிருந்தது.

பகை மூண்ட காரணங்கள்

மிஹ்னா முடிந்து அரை நூற்றாண்டு கடந்திருந்தது. அன்று அடிபட்ட இமாம் அஹ்மது (ரஹ்) அவர்களின் பெயரைப் பக்தாதின் பொதுமக்கள் உயிராகப் போற்றினார்கள். அப்பற்று நியாயமானதே. ஆனால், அப்பெயரைக் கொடியாக்கிக்கொண்டு, தம்மோடு மாறுபடுவோரை அடக்கத் துணிந்த கூட்டம் ஒன்றும் நகரில் உருவாகியிருந்தது.

இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் சட்ட அறிஞர்களின் கருத்து வேறுபாடுகளைத் தொகுத்து இக்திலாஃபுல் ஃபுகஹா என்னும் நூலை எழுதியிருந்தார்கள். அதில் இமாம் அஹ்மது (ரஹ்) அவர்களின் கருத்துகளைச் சேர்க்கவில்லை. அன்னாரைச் சட்ட அறிஞராக அன்றி ஹதீஸ் கலையின் பேரறிஞராகவே தாம் கருதுவதாகக் காரணம் கூறினார்கள். இஃது ஓர் அறிஞரின் மதிப்பீடு. பிறர் இதனை மறுத்து நூல் எழுதியிருக்கலாம். கூட்டமோ இதனை அவமதிப்பாகக் கொண்டது.

மற்றொரு காரணம், பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 79ஆம் வசனத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு வாக்களிக்கப்பட்ட புகழுக்குரிய இடம் எது என்பது பற்றியது. மறுமையில் நபியவர்கள் தம் சமுதாயத்துக்காகப் பரிந்துரைக்கும் நிலையே அது என்பது பெரும்பான்மையோர் விளக்கம். நபியவர்களை அல்லாஹ் தன் அர்ஷில் அமர்த்துவான் என்று முஜாஹித் (ரஹ்) அவர்கள் வழியாக வந்த வேறொரு கூற்றைச் சிலர் வலியுறுத்தினார்கள். இமாமவர்கள் தம் விரிவுரையில் பரிந்துரை என்பதே ஹதீஸ்களால் நிலைபெற்ற பொருள் என்று எழுதினார்கள். மற்றக் கூற்றையும் அடியோடு தள்ளிவிடவில்லை. அந்த நிதானம் கூட்டத்துக்குப் போதவில்லை.

வாசலில் குவிந்த கற்கள்

பள்ளிவாசலில் இவ்விரு செய்திகளையும் பற்றி இமாமவர்களிடம் கேள்வி எழுப்பி, அவர்களின் பதில் பிடிக்காமற்போகவே, மைக்கூடுகளை அவர்கள் மீது எறிந்தார்கள் என்று வரலாற்று ஆசிரியர் யாகூத் அவர்களின் நூலில் காண்கின்றோம். எண்பது வயதைக் கடந்த பெரியவர் எழுந்து வீட்டுக்குள் சென்றார்கள். வீட்டின் மீது கல்மாரி பொழிந்தது. கதவின் முன் கற்கள் குன்றுபோல் குவிந்தன. நகரக் காவல் தலைவர் நாஸூக் தம் வீரர்களோடு வந்து காவல் நின்று, கற்களை அப்புறப்படுத்தச் செய்தார்.

தந்தையார் கண்ட கனவில் கல் எறிந்தவர் இமாமவர்கள். வாழ்வில் அவர்கள் ஒரு கல்லையும் எறியவில்லை. எறியப்பட்ட கற்களையே கண்டார்கள்.

ஹிஜ்ரி 309 (கி.பி. 921) இல், நேர்மைக்குப் பெயர்பெற்ற அமைச்சர் அலீ இப்னு ஈஸா, இமாமவர்களையும் எதிர்த்தரப்பாரையும் தம் இல்லத்தில் நேருக்கு நேர் வாதிட அழைத்தார். இமாமவர்கள் வந்தார்கள். எதிர்த்தரப்பார் வரவில்லை. கல்லெறிய ஆயிரம் பேர் வருவர். சான்றோடு அமர்ந்து பேச ஒருவரும் வாரார். இந்நோயின் அடையாளம் எக்காலத்திலும் இதுவேயாகும்.

இமாமவர்களின் வீட்டுக்குப் பாடம் கேட்க வருவோரும் தடுக்கப்பட்டனர். நைஸாபூரின் பேரறிஞர் இப்னு குஸைமா (ரஹ்) அவர்கள், பக்தாத் சென்று திரும்பிய தம் மாணவர் ஒருவரிடம், தபரீயிடம் ஏதேனும் எழுதினாயா எனக் கேட்டார்கள். மக்களை அவரிடம் செல்லவிடாது தடுக்கின்றார்கள் என்றார் மாணவர். மற்ற எல்லாரிடமும் எழுதியதை விட்டு அவர் ஒருவரிடம் எழுதியிருக்கலாகாதா என்று வருந்தினார்கள் இப்னு குஸைமா (ரஹ்). இமாமவர்களின் விரிவுரையை முழுவதும் படித்துப் பார்த்து, பூமியின் மீது அவர்களைவிடக் கற்றவரைத் தாம் அறியவில்லை என்று தீர்ப்புக் கூறியவர்களும் அவர்களே.

பழி கூறியோர்க்கு இமாமவர்கள் அளித்த மறுமொழி என்ன? தம் நம்பிக்கையை விளக்கி ஸரீஹுஸ் ஸுன்னா என்னும் சிறுநூலை எழுதினார்கள். அதில், திருக்குர்ஆனை ஓதும் உச்சரிப்பைப் பற்றிய சிக்கலான வினாவில் தாம் பின்பற்றுவது இமாம் அஹ்மது (ரஹ்) அவர்களின் வழியையே என்று மரியாதையோடு குறிப்பிட்டார்கள். தம்மைத் துன்புறுத்தியோரின் செயலுக்காக, அவர்கள் உரிமை கொண்டாடிய பெரியாரை இகழ்ந்து ஒரு சொல்லும் கூறவில்லை.

மறைவு

ஹிஜ்ரி 310, ஷவ்வால் மாத இறுதியில் (கி.பி. 923) இமாமவர்கள் மறைந்தார்கள். இறுதி நேரத்திலும் ஒருவர் சொன்ன துஆவைக் கேட்டு, மைக்கூடும் தாளும் கொண்டுவரச் சொல்லி எழுதிக்கொண்டார்களாம். இந்நிலையிலுமா என்று கேட்டவருக்கு, மரணம் வரை மனிதன் கல்வியை விடலாகாது என்பதே பதிலாயிற்று. தம்மைப் பற்றித் தீது பேசிய அனைவரையும் மன்னித்துவிட்டதாகவும், தம் மீது பித்அத் பழி சுமத்தியவரை மட்டும் மன்னிக்கவில்லை என்றும் கூறினார்கள் என்பர். வீட்டின் மீது விழுந்த கற்களைவிட அந்தப் பழி அவர்களுக்குக் கனத்திருந்தது.

அவர்கள் தம் வீட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். பகலில் ஜனாஸாவை வெளியே எடுக்கக் கூட்டம் விடவில்லை, ஆகவே இரவில் அடக்கம் நிகழ்ந்தது என்று சில வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகின்றனர். பல மாதங்கள் இரவும் பகலும் மக்கள் வந்து கப்ரின் அருகே ஜனாஸாத் தொழுகை தொழுத வண்ணம் இருந்தார்கள் என்று கதீபுல் பக்தாதீ (ரஹ்) எழுதுகின்றார்கள். எவ்வாறாயினும், திருக்குர்ஆனுக்கு மூவாயிரம் ஏடுகளில் விளக்கம் எழுதிய பெரியார், பொது மையவாடியில் அன்றித் தம் வீட்டுக்குள்ளேயே மண்ணறை கண்டார்கள்.

அதன் பின் பக்தாதுக்கு நேர்ந்தது

அன்று கலீஃபாவாக இருந்தவர் முக்ததிர். ஹிஜ்ரி 295 (கி.பி. 908) இல், பதின்மூன்று வயதில் ஆட்சிக்கு வந்தவர். வஸீர்கள் மாறிக்கொண்டே இருந்தனர்; கருவூலம் வறண்டது; படையினர் ஊதியம் கேட்டுக் கலகம் செய்தனர். இத்தகைய அரசு தெருக்கூட்டத்தைக் கண்டு தயங்கிற்று. காவலர்கள் கற்களை அப்புறப்படுத்தினர். கல்லெறியும் துணிவை அப்புறப்படுத்த இயலவில்லை.

ஹிஜ்ரி 317 (கி.பி. 929) இல் அதே 79ஆம் வசனத்தின் விளக்கம் பற்றிப் பக்தாதில் இரு தரப்பாரிடையே பெருங்கலவரம் மூண்டது. படையினரும் அதில் கலந்தனர், பலர் உயிரிழந்தனர். ஹிஜ்ரி 323 (கி.பி. 935) இல் பர்பஹாரீ என்னும் தலைவரைப் பின்பற்றியோர் மக்களின் வீடுகளுக்குள் புகுந்து சோதனையிட்டனர், இசைக்கருவிகளை உடைத்தனர், தெருவில் பெண்களோடு செல்லும் ஆண்களை மறித்து விசாரித்தனர், ஷாஃபிஈ மத்ஹபினரைத் தாக்கினர். நம்மில் பலர் பின்பற்றும் மத்ஹபைச் சேர்ந்தோர்தாம் அன்று அடிபட்டவர்கள். பர்பஹாரீயைப் பின்பற்றியோரில் இருவர் ஓரிடத்தில் கூடலாகாது என்று காவல் தலைவர் தடை விதித்தார். கலீஃபா ராளீ கடுமையான ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். பர்பஹாரீ தலைமறைவாகவே ஹிஜ்ரி 329 (கி.பி. 941) இல் மறைந்தார். ஐந்தாண்டுகளுக்குள், ஹிஜ்ரி 334 (கி.பி. 945) இல், புவைஹி வம்சத்தார் பக்தாதைக் கைப்பற்றினர், கலீஃபாவுக்குப் பெயர் மட்டுமே எஞ்சியது. அப்பாஸியர் ஆட்சி தளர்ந்ததற்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் தன் தலைநகரில் ஓர் அறிஞரின் வீட்டு வாசலைக் காக்கத் திணறிய அரசு, தன் அரியணையையும் காத்துக்கொள்ளவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

இமாமவர்களின் பெயரால் ஜரீரிய்யா என்னும் ஒரு மத்ஹபும் சில தலைமுறைகள் இருந்து மறைந்தது. அவர்களுடைய விரிவுரையோ அழியவில்லை. இப்னு கஸீர் (ரஹ்) அவர்களின் புகழ்பெற்ற விரிவுரை அதனைப் பெரிதும் எடுத்தாள்கின்றது. ஹன்பலீ மத்ஹபின் பேரறிஞர் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களும் விரிவுரைகளுள் சிறந்ததாக அதனைப் போற்றுகின்றார்கள். எனவே, ஒரு கூட்டத்தின் குற்றத்தை ஒரு மத்ஹபின் மீது சுமத்துதல் நீதியன்று. கல்லெறிந்தோர் பெயர்கள் மறைந்தன. அவர்கள் உரிமை கொண்டாடிய வழியில் வந்த அறிஞர்களே இமாமவர்களின் நூலைக் கையில் ஏந்தினார்கள்.

நமக்குள்ள படிப்பினை

சிந்திக்க வேண்டிய செய்தி இதுதான். மார்க்க விளக்கத்தைப் பலவந்தத்தால் நிலைநாட்டும் கருவியை முதலில் கையில் எடுத்தவர் கலீஃபா. அதனால் அடிபட்டவர் இமாம் அஹ்மது (ரஹ்). அன்னாரோ பொறுமையைக் கையாண்டார்கள். அன்னாரின் பெயரைச் சொல்லிக்கொண்ட கூட்டம், கலீஃபா கீழே போட்ட அதே கருவியைத் தெருவிலிருந்து எடுத்துக்கொண்டது. அரண்மனையில் சவுக்காக இருந்தது தெருவில் கல்லாக மாறிற்று. தாம் அநீதி இழைக்கப்பட்டோம் என்னும் நினைவு, பிறருக்கு அநீதி இழைக்க உரிமை தந்துவிடுவதில்லை. சிறுபான்மையாக வாழ்ந்து, பிற சமயத்தாரின் வெறிக்கு அஞ்சி, அரசியல் சட்டத்தின் பாதுகாப்பை நாடும் நாம் இதனைப் பிறரினும் நன்கு உணர வேண்டும். நமக்கு வேண்டும் பாதுகாப்பை, நம் மஹல்லாவில் நம்மோடு மாறுபடும் ஒருவருக்கு நாம் மறுக்கலாமா?

ஜமாஅத்தின் கையில் சவுக்கு இல்லை, சிறையும் இல்லை. ஆனால் நிக்காஹ் பதிவேடு இருக்கின்றது. மையவாடியின் சாவி இருக்கின்றது. வரி வாங்க மறுத்து ஒரு குடும்பத்தைத் தள்ளி வைக்கும் வழக்கமும் பல ஊர்களில் இருந்துவருகின்றது. தொழுகையில் விரலை அசைப்பது, கூட்டு துஆ ஓதுவது போன்றவற்றில் கருத்து வேறுபாடு எழும்போது, இவற்றில் எதையும் நாம் ஆயுதமாக்கலாகாது. வேறுபாடு எழுந்தால், அமைச்சர் அலீ இப்னு ஈஸா செய்ததைப் போல, இரு தரப்பாரையும் ஓரிடத்தில் அமர்த்திக் கிதாபுகளைத் திறந்து வைத்துப் பேசச் செய்வோம். முடிவு எட்டப்படாவிடினும் ஸலாம் சொல்லிப் பிரிவோம். எவருடைய ஜனாஸாவும் அவரது வீட்டு வாசலைத் தாண்ட முடியாமல் நிற்கும் நிலை நம் ஊரில் நேரலாகாது.

கருத்து மாறுபாட்டைக் கல்வியால் தீர்க்கும் நெஞ்சுரத்தையும், பலவந்தத்தை வெறுக்கும் நீதியுணர்வையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! இமாம் தபரீ (ரஹ்), இமாம் அஹ்மது (ரஹ்) ஆகிய இரு பெருமக்களின் மண்ணறைகளையும் ஒளிமயமாக்குவானாக! ஆமீன். ஆமீன். யாரப்பல் ஆலமீன்.